சோறு போட்டாச் சுத்தும்

உள்ள வாங்க அம்மிணி. அந்தப் படி லேசா ஆடும், பாத்துக் காலை வைங்க. உக்காருங்க. எங்கூட்டுக்காரரு சொல்லித் தாட்டி விட்டுத்தான் வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பொள்ளாச்சியில ஒரு சோலி இருந்துச்சு, அப்படியே ஆழியாறுப் பக்கம் வந்தேன்னெல்லாம் நீங்க சொல்ல வேண்டாம். உங்க மேல எனக்குக் கோவமில்ல. உங்க வீட்டுக்காரரும் அவரும் கேரவன் வண்டி வச்சு ஊரு சுத்தறவங்களோட ஒரே குழுவுல இருக்கறவங்க. அவரு வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கேட்டா நீங்களுந்தான் என்ன பண்ணுவீங்க. சமாதானம் பேசறதுன்னா பேசுங்க. ஆனா மொதல்ல நான் பேசீர்றேன். ஒரு வருசமா உள்ளயே கெடக்குது.

ரெஜினா, வெளிய இருக்கற அடுப்புல ரெண்டு டீ போடு. இவங்களுக்குச் சர்க்கரை கம்மி.

அவதான் ரெஜினா. என்னைவிட ஒண்ணு ரெண்டு வயசு மூத்தவ. கணபதியில ஒரு பம்புசெட்டுக் கம்பெனி இருந்துச்சு, அங்க நாங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து மோட்டருக்குக் காயில் சுத்தினவங்க. எனக்குக் கல்யாணமாயி, பையன் பொறந்து, நான் நின்னுட்டேன். அவ நிக்கல. புருசன் சீக்கிரமே போய்ச் சேந்துட்டான், புள்ளைகுட்டி இல்ல. சின்னதா ஒரு கடை வச்சு, எரிஞ்சுபோன மோட்டருக்கெல்லாம் காயில் கட்டிக் குடுத்துட்டு இருந்தா. இப்ப அதைப் பூட்டிட்டு எங்கூட வண்டியில வந்துட்டா. அவளுக்கும் வேற போக்கிடம் ஏது சொல்லுங்க.

சரி, அவரு விசயத்துக்கு வர்றேன். நாச்சிமுத்துங்கற மனுசனை நீங்க குழுவுல பாத்தத வச்சு நெனச்சுக்காதீங்க. அங்க எல்லாத்துக்கும் நாற்காலி எடுத்துப் போடுவாரு, பெரியவங்க வந்தா எந்திரிச்சு நிப்பாரு. மில்லுல சூப்பர்வைசரா இருந்தவரு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு, வரிசை வரிசையா நடந்து, மத்தவங்க வேலை செய்யறதப் பாத்துக்கிட்டு இருக்கறதுதான் அவரு வேலை. ரிட்டையரான பின்னால மில்லு இல்ல, ஆளுங்க இல்ல. நான் இருந்தேன்.

ஒரு பழைய வேனை வாங்கி, கரூர்ல குடுத்து, கட்டில் அடுப்பு கக்கூஸ் எல்லாம் வச்சு இந்த வண்டியக் கட்டுனாரு. எனக்கும் ஆசைதான், இல்லைங்கல. ஊரு ஊராப் போலாம், யாரு வீட்லயும் ஒறம்பரையா, விருந்தாளியாப் போயி நிக்க வேண்டாம், நம்ம கட்டில்ல நாம படுத்துக்கலாம். நல்லாத்தான் இருந்துச்சு. இந்த ஜாக்கி மட்டும் இல்லாம இருந்திருந்தா.

உங்க வண்டியில பட்டனை அமுக்குனா நாலு காலும் தானா எறங்கிரும். உங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. எங்க வண்டிக்கு நாலு மூலையிலயும் கையால சுத்தற ஜாக்கி. நிறுத்துன எடத்துல அதை எறக்கி ஊனலேன்னா, உள்ள ஒரு ஆள் நடந்தாக்கூட வண்டி தொட்டிலாட்டம் ஆடும், அடுப்புல வச்ச பாத்திரம் நகரும். அதனால எங்க போயி நின்னாலும் மொத வேலை ஜாக்கி. நீளக் கம்பி ஒண்ணு இருக்கும், அதைக் கொக்கியில மாட்டி, குனிஞ்சு, சுத்தணும். ஒண்ணு முடிஞ்சா அடுத்த மூலை. கெளம்பும்போது மறுபடியும் நாலையும் ஏத்தணும்.

யாரு சுத்தறது? அவரு டிரைவர் சீட்டுல உக்காந்திருப்பாரு. கொத்தனாருங்க வச்சிருக்கற ரசமட்டம் ஒண்ணு வாங்கி முன்னால வச்சிருந்தாரு. அதுல அந்தக் குமிழி நடுவுக்கு வருதான்னு பாக்கறது அவரு வேலை. "மயிலு, முன்னால வலது. இன்னும் கொஞ்சம். இன்னும். அட, ஏத்தீட்ட, எறக்கு." நான் வெளிய மண்ணுல முட்டி போட்டுக்கிட்டு ஏத்திக்கிட்டும் எறக்கிக்கிட்டும் இருப்பேன்.

வால்பாறையில ஒரு தடவ நல்ல மழை. அட்டை காலெல்லாம் ஏறுது. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டுச் சுத்தறேன். அவரு கண்ணாடிய எறக்குனாரு. கொடை குடுக்கப் போறாருன்னு நெனச்சேன். "சேத்துக் காலோட உள்ள வந்துராத"ன்னு சொல்லீட்டுக் கண்ணாடிய ஏத்திக்கிட்டாரு.

இந்தத் தோள்பட்டை அப்பத்தான் போச்சு. கையத் தூக்கித் தலை சீவ முடியல, ரவிக்கை மாட்ட முடியல. டாக்டரு மூட்டு எறுகிப் போச்சுன்னாரு, சுத்தற வேலை எதும் செய்யாதீங்கன்னாரு. வீட்டுக்கு வர்ற வழியிலயே கேட்டேன். "ஏனுங்க, ஜாக்கிக்கு ஒரு மோட்டர் வச்சுரலாங்களா? ரெஜினாகிட்டச் சொன்னா வச்சுக் குடுப்பா."

"அதெல்லாம் சொகுசு. ஒடம்பு அசைஞ்சாத்தான் தோள் சரியாகும். டாக்டருங்களுக்கு என்ன தெரியும்."

அவ்வளவுதான். நானும் விட்டுட்டேன். மனசுல வச்சுக்கல. நெசமாத்தான் சொல்றேன், அதுவரைக்கும் எனக்கு அவரு மேல சலிப்புத்தான், பகையில்ல.

பகை ஏலகிரியில வந்துச்சு. போன வருசம் நம்ம குழு கூடுச்சே. நீங்களும் இருந்தீங்க. நீங்க அந்தப் பக்கத்துல இருந்து பாத்தீங்க, இப்ப எம் பக்கத்துல இருந்து கேளுங்க. காலையில வெடியால எல்லாரும் வந்து வண்டிகள வட்டமா நிறுத்துனோம். உங்க வண்டியில நாலு காலும் தானா எறங்குது, எல்லாரும் நின்னு பாக்கறாங்க. உங்க வீட்டுக்காரரு சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாரு: "நாச்சிமுத்து, நீங்களும் இதுமாதிரி மோட்டர் வச்சுக்கலாமே."

அதுக்கு இவரு சொன்னாரு: "எனக்கெதுக்குங்க மோட்டர்? அதான் கட்டிக்கிட்டு வந்திருக்கேனே. பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். சோறு போட்டாச் சுத்தும்."

நான் அப்ப பின்னால எடது மூலையில குனிஞ்சிருந்தேன். அத்தனை பேரும் சிரிச்சாங்க. நீங்களுஞ் சிரிச்சீங்க அம்மிணி. இல்ல இல்ல, பரவால்ல, உங்களை ஒண்ணுஞ் சொல்லல. நானும் அங்க நின்னுக்கிட்டுச் சிரிச்சேன். அதுதான் எனக்கு ஆறவேயில்ல. கம்பியக் கையில பிடிச்சுக்கிட்டு, எல்லாரோடயும் சேந்து பல்லைக் காட்டீட்டு நின்னேன் பாருங்க. இருபது வயசுல ஒரு நாளைக்கு எத்தனை மோட்டருக்குக் காயில் சுத்திக் குடுத்தவ நான். என்னைப் போயி.

அன்னைக்கே முடிவு பண்ணீட்டேன். இந்த மனுசனை விடக் கூடாது.

தாராபுரத்துல அவங்க அக்கா பேத்திக்குச் சீர். அவரு நாலஞ்சு நாளைக்குப் போனாரு, நான் தோள்வலின்னு சொல்லி நின்னுக்கிட்டேன். வண்டிய எடுத்துக்கிட்டு நேரா ரெஜினா கடைக்குப் போயிட்டேன். லைசென்சு எங்கிட்ட எப்பவோ இருந்துச்சுங்க, பையன் காரு வாங்கினப்ப எடுத்தது. இவருதான் ஸ்டீரிங்கத் தொட விட்டதில்ல.

ரெஜினா பாத்தா, கீழ குனிஞ்சு பாத்தா, "ஆகும்"னா. நாலு ஜாக்கிக்கும் பல்சக்கரம் வச்ச சின்ன மோட்டர், கம்பி மாட்டற எடத்துல நேரா அதை இணைச்சுட்டா வேலை முடிஞ்சுது. சொல்றதுக்குச் சுலபம். வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்து ஒவ்வொண்ணா வைக்கோணும். அவளுக்கு முட்டிவலி வேற, படுத்தா எந்திரிக்கறதுக்கு ஒரு நாழி ஆகும். வெல்டிங் பொறி கழுத்துல விழுந்து பொத்துப் போச்சு. "மயிலு, இந்த டார்ச்சக் கொஞ்சம் பிடி"ன்னா. "எனக்குத் தோளு தூக்க முடியாதுன்னு தெரியாதா, பல்லுல கடிச்சுக்கோ"ன்னேன். கடிச்சுக்கிட்டே செஞ்சா. அவளுக்கு அந்தப் பழக்கமெல்லாம் உண்டு. ஒரு மோட்டரு சூடாகிப் பொகைஞ்சு போச்சு, அதைக் கழட்டி மறுபடியும் காயில் கட்டுனா. நான் டீ வாங்கிக் குடுத்தேன்.

சுவிட்சுப் பெட்டிய எங்க வைக்கறதுன்னு கேட்டா. டிரைவர் சீட்டுப் பக்கத்துலன்னு அவ நெனச்சா. நான் அடுப்புப் பக்கத்துல வைக்கச் சொன்னேன், அரிசி டப்பாவுக்குப் பின்னால. அவ என்னை ஒரு பார்வை பாத்தா. "மயிலு, அந்தப் பேச்சு வலிச்சுதுன்னு அவருகிட்ட ஒரு தடவ நேராச் சொல்லீரேன்"னா.

"நான் எதுக்குச் சொல்லணும்? அவருக்கே தெரியணும்"னேன். நீங்களே சொல்லுங்க, அதையெல்லாம் நாமளா போயிச் சொல்லுவோம்?

ரெஜினா, டீ என்னாச்சு? கக்கூஸ் டப்பாவா? அதை அப்புறம் ஊத்திக்கலாம். இல்ல, சரி, எடுத்தது எடுத்துட்ட, ஊத்திட்டே வா. கையக் கழுவீட்டு டீயப் போடு.

எங்க வண்டிக் கக்கூஸ் டப்பா நெறஞ்சா கையாலதான் தூக்கிட்டுப் போயி ஊத்தணும், அந்த நாத்தம் எனக்கு ஆகாதுங்க. அவளுக்கு அது ஒண்ணுமில்ல.

எங்க விட்டேன்? ஆங். அவரு தாராபுரத்துல இருந்து வந்தாரு. கீழ குனிஞ்சு பாத்தாரு. "யாரைக் கேட்டு வச்ச?"ன்னு ஒரு குதி குதிச்சாரு. நான் போயி சுவிட்ச அமுக்கினேன். நாலு காலும் எறங்கி, வண்டி கல்லாட்டம் நின்னுச்சு. அவரு வண்டிய ஒரு சுத்துச் சுத்தி வந்து பாத்தாரு. அப்புறம் என்ன பண்ணுனாருன்னு உங்களுக்கே தெரியும். வீடியோ எடுத்துக் குழுவுல போட்டாரே. "ரொம்ப நாளா மனசுல இருந்த ரோசனை, இப்பத்தான் செஞ்சு முடிச்சேன்." நீங்ககூட ஒரு கட்டைவிரல் போட்டிருந்தீங்க. செஞ்சு முடிச்சாராம்.

அதோட, மோட்டர் வச்சது மட்டும் போதாதுன்னு ஆயிருச்சு எனக்கு.

அவருக்கு மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் தூக்கம் வந்தாகணும். படுக்கறதுக்கு முந்தி முன் சீட்டுக்குப் போயி ரசமட்டத்தப் பாப்பாரு. குமிழி நடுவுல இருந்தாத்தான் படுப்பாரு. கட்டில்ல அவரு தலை எடதுபக்கம், காலு வலதுபக்கம். கொறட்டை வந்ததும் நான் மிக்சியப் போடுவேன். சட்னி அரைக்கற சத்தத்துல மோட்டர் சத்தம் கேக்காது. வண்டியோட எடதுபக்கத்தத் தாழ்த்தி, வலதுபக்கத்த ஒசத்துவேன். ரொம்ப இல்லீங்க, கொஞ்சமா. தலை கீழ, காலு மேல. எந்திரிக்கற நேரத்துக்கு முன்னால மறுபடியும் மிக்சி, மறுபடியும் சமம்.

ஆரம்பத்துல, எந்திரிச்சு உக்காந்தாருன்னா மூஞ்சியெல்லாம் ரத்தம் எறங்கிச் செவந்து கெடக்கும். "மயிலு, தலை கிர்ருங்குதே"ம்பாரு. முன்னால போயி ரசமட்டத்தப் பாப்பாரு, குமிழி நடுவுல நிக்கும். "வண்டி சமமாத்தான் இருக்குது, எனக்குத்தான் என்னமோ"ன்னு பயந்துக்குவாரு. நான் அரைச்ச சட்னிய எடுத்து வைப்பேன்.

அந்த நாளுகள்ல எனக்கு இருந்த நிம்மதி இருக்குதே. சொன்னா நம்ப மாட்டீங்க. ரெஜினாகிட்ட போன்ல சொல்லுவேன். அவ சிரிக்க மாட்டா. "வயசான மனுசன், பாத்து"ம்பா. அவளுக்கு அவ்வளவுதான் வெவரம்.

கோயமுத்தூர்ல டாக்டருகிட்டப் போனாரு. காதுல பாத்தாங்க, ரத்தம் பாத்தாங்க, தலைய படம் எடுத்தாங்க. எல்லாம் சரியாத்தான் இருக்குதுன்னு மாத்திரை குடுத்து அனுப்பினாங்க. சரியா இருக்குதுன்னு சொன்னதுல அவருக்கு பயம் இன்னும் சாஸ்தியாயிருச்சு. கண்டுபிடிக்க முடியாத சீக்குன்னு முடிவு பண்ணீட்டாரு. நடக்கும்போது எங்கையப் பிடிச்சுக்குவாரு. முப்பத்தஞ்சு வருசத்துல ரோட்டுல எங்கையப் பிடிச்சதில்லீங்க அந்த மனுசன். "மயிலு, நீ இல்லாட்டி நான் என்ன ஆவேன்"னாரு. சரி, வழிக்கு வந்துட்டாருன்னு நெனச்சேன். இனி ஒரு நாள், அந்தக் குழுவுக்கு முன்னால, அத்தனை பேரு காதுல விழற மாதிரி, அன்னைக்கு நான் சொன்னது தப்புன்னு சொல்லீட்டா விட்டுரலாம்னு இருந்தேன்.

ஆனா சொல்லல. படுத்துக்கிட்டாரு.

வண்டி ஓட்ட முடியாதுன்னு சாவியக் குடுத்தாரு. சரின்னு ஓட்டுனேன். தண்ணி பிடிக்க முடியாதுன்னாரு. பிடிச்சேன். கக்கூஸ் டப்பா ஊத்தறது ஒண்ணுதான் அவரு வேலையா இருந்துச்சு, குனிஞ்சாத் தலை சுத்துதுன்னு அதையும் விட்டுட்டாரு. ஓட்டறது நானு, சமைக்கறது நானு, நிறுத்தறது நானு, சுத்தம் பண்றது நானு. அவரு கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, காலை நீட்டிக்கிட்டு, "மயிலு, அந்த காத்தாடிய கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு."

ஒரு கட்டத்துல சாய்க்கறதையே நிறுத்தீட்டேன். சும்மா இருந்தேன். அவருக்குத் தலைசுத்தல் நிக்கல. அப்பத்தான் எனக்கு பயம் வந்துச்சு. நெசமாவே சீக்கு வந்துருச்சோ, நாம விளையாடப் போயி நெசமா ஆயிருச்சோன்னு. எதுக்கும் இருக்கட்டும்னு மாரியாத்தாளுக்குக் காசு முடிஞ்சு வச்சேன். அவரு தலைக்குத் தைலம் தேச்சு விட்டேன். காலை அமுக்கி விட்டேன். இந்தத் தோளோட.

போன மாசம் கொல்லிமலை அடிவாரத்துல குழு கூடுச்சே, அன்னைக்கு. நீங்க அந்தத் தடவ வரல, ஆனா உங்க வீட்டுக்காரரு இருந்தாரு, சொல்லியிருப்பாரு. அவரு சொல்லாதது ஒண்ணு இருக்குது, அது எனக்குத்தான் தெரியும்.

நல்ல வெயிலு. மெத்தையக் காய வைக்கலாம்னு தூக்குனேன். அவரை வெளிய மரத்தடியில நாற்காலியில உக்கார வச்சிருந்தேன். எடதுபக்கம், அவரு தலை வைக்கற எடத்துல, மெத்தைக்குக் கீழ ஒரு கட்டை. தச்சருங்க வைக்கற ஆப்பு மாதிரி, ஒருபக்கம் கனமா, ஒருபக்கம் மெலிசா. நல்லா இழைச்சு, உறுத்தாம இருக்கத் துணி சுத்தி வச்சிருக்குது. அவரு பழைய வேட்டித் துணி.

எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. கையில வச்சுப் பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் பட்டுன்னு வெளங்குச்சு. நான் எடதுபக்கத்த எவ்வளவு தாழ்த்துவேனோ, அந்த அளவுக்குக் கட்டை. மனுசன் எப்பவோ கண்டுபிடிச்சுட்டாரு. கண்டுபிடிச்சு, கட்டைய இழைச்சு, தலைக்குக் கீழ வச்சு, சமமாப் படுத்துக்கிட்டு, எந்திரிச்சு "தலை கிர்ருங்குதே"ன்னு எங்கிட்ட நடிச்சிருக்காரு. நான் தைலம் தேச்சிருக்கேன். நான் கக்கூஸ் டப்பாவத் தூக்கியிருக்கேன்.

வெளிய எட்டிப் பாத்தேன். அவரு உங்க வீட்டுக்காரர் கூடவும் இன்னும் நாலஞ்சு பேரு கூடவும் உக்காந்து, கண்டுபிடிக்க முடியாத சீக்கப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்காரு. அவங்க எல்லாரும் உச்சுக் கொட்டறாங்க. ஒருத்தரு அவருக்கு எளநி வெட்டிக் குடுக்கறாரு.

நான் சத்தம் போடல அம்மிணி. மெத்தையப் போட்டேன். கட்டைய அவரு தலைகாணி மேல வச்சேன். அரிசி டப்பாவத் தள்ளி, சுவிட்ச அமுக்கினேன். நாலு காலும் மேல ஏறுச்சு. அதுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகுது? கையால சுத்தற ஜாக்கியா இருந்திருந்தா நான் ரெண்டாவது மூலைக்குப் போறதுக்குள்ள அவரு நிதானமா நடந்து வந்து "என்ன மயிலு பண்ற"ன்னு கேட்டிருப்பாரு. நான் முன்னால போயி உக்காந்து, வண்டிய எடுத்துட்டேன்.

கண்ணாடியில பாத்தேன். நாற்காலி பின்னால விழுந்து கெடக்குது. எளநி ஒரு பக்கம் உருளுது. அவரு ஓடி வர்றாரு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, நேரா, கோடு போட்ட மாதிரி ஓடி வர்றாரு. தலை சுத்தற மனுசன். கல்லு இருந்துச்சு, தாண்டுனாரு. குழி இருந்துச்சு, தாண்டுனாரு. அவங்க அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு அவரு ஓடறதப் பாக்கறாங்க. எங்கல்யாணத்தன்னைக்குக்கூட அவரைப் பாத்து எனக்கு அவ்வளவு சந்தோசம் இருந்ததில்ல.

நேரா ரெஜினா கடைக்கு வந்துட்டேன். அடுத்த நாள் அவரு பஸ் ஏறி வந்தாரு. கடை கேட்டுக்கிட்ட நின்னாரு. சட்டை கசங்கி, சவரம் பண்ணாம. ரெஜினா உக்காரச் சொன்னா, உக்காரல.

"எப்பருந்து தெரியும்?"னு கேட்டேன்.

"ரெண்டாவது தடவையே தெரியும். முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். மிக்சி ஓடறப்போ கட்டில் சாஞ்சுது."

"அப்பவே ஏன் கேக்கல?"

 "நீ எனக்குப் பக்கத்துலயே இருந்த. நல்லா இருந்துச்சு"ன்னாரு.

அதைக் கேட்டு நான் எளகிருவேன்னு நெனச்சாரு போல. நான் எளகல. "அன்னைக்கு ஏலகிரியில சொன்ன வார்த்தைய இப்பத் திருப்பி எடுத்துக்கோங்க, நான் வர்றேன்"னேன்.

"எந்த வார்த்தை?"ன்னாரு.

அம்மிணி, அவரு நடிக்கல. நடிப்பு எதுன்னு எனக்கு இப்ப நல்லாத் தெரியும். அந்த மனுசனுக்கு நெசமாவே ஞாபகமில்ல. ஒரு வருசமா நான் அதைத் தின்னுக்கிட்டு, அதைக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அவருக்கு அப்படி ஒண்ணு சொன்னதே தெரியல. எம் வாயால நானே சொல்ல வேண்டியதாப் போச்சு. ரெஜினா முன்னால, ரோட்டுல போறவங்க முன்னால. பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம், சோறு போட்டாச் சுத்தும்னீங்களேன்னு.

அவரு யோசிச்சாரு. அப்புறம் இந்த வாயோரம், கொஞ்சமா, ஒரு சிரிப்பு வந்துச்சு. வேணும்னு சிரிக்கல. தன்னையும் மீறி வந்துருச்சு. சட்டுன்னு அடக்குனாரு. ஆனா நான் பாத்துட்டேன்.

கேட்டச் சாத்தீட்டேன்.

அதான் ஒரு மாசமா நானும் ரெஜினாவும் வண்டியிலயே இருக்கறோம். இந்தத் தென்னந்தோப்புக்காரரு நல்ல மனுசன், தண்ணி விடறாரு. எனக்கு ஒரு கொறையும் இல்ல. போயிச் சொல்லுங்க அவருகிட்ட, அவ ராணியாட்டம் இருக்கறான்னு. காலையில எந்திரிச்சா டீ, தலைக்குத் தண்ணி காய வச்சாச்சு, துணி தொவச்சாச்சு. ஓட்டறது மட்டும் நானு. மத்ததெல்லாம் அவ பாத்துக்கறா. வாயே தெறக்க மாட்டா. மொதல்ல கொஞ்ச நாள் கடை கடைன்னு சொல்லிக்கிட்டிருந்தா. யாரோ ரெண்டு பேரு மோட்டரக் குடுத்துட்டுக் காத்திருக்காங்களாம், போன் மேல போன். "அந்தக் கடையில என்ன கொட்டிக் கெடக்குது, இரு பேசாம"ன்னேன். இருந்துட்டா. எனக்கு ஜாக்கிக்கு நாலு மோட்டர், வீட்டுக்கு அஞ்சாவது மோட்டர். இதுக்குப் பெட்ரோலும் வேண்டாம்.

பாத்தீங்களா, உங்களுக்கே சிரிப்பு வந்துருச்சு.

சும்மா தமாசுக்குச் சொல்றேன். அவ தப்பா நெனச்சுக்க மாட்டா, அவளுக்கும் எனக்கும் அப்படி. நாப்பது வருசப் பழக்கம்.

ரெஜினா. டீ இன்னும் ஆகலியா? இவங்க கெளம்பறதுக்குள்ள குடு.

நீங்க அவருகிட்டப் போயி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் பெருசா ஒண்ணும் கேக்கல. பட்டுப்புடவை கேக்கல, கால்ல விழச் சொல்லல. ஒருத்தி மனசு என்ன பாடு பட்டுதுன்னு, நாம சொல்லாமலே தெரிஞ்சுக்கற அறிவு இருந்தா வரச் சொல்லுங்க. கூட இருக்கறவங்களை ஒரு நாளாவது நிமிந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதான். அது இல்லாத மனுசன் கூட நான் எப்படி இருக்கறது?

ரெஜினா?

இருங்க, அவளுக்குக் காதும் மந்தமாயிட்டு வருது. அந்தச் சன்னல் தெரைய கொஞ்சம் தள்ளுங்க. வெளி அடுப்பு எரியலியே. பாலு அப்படியே வச்சிருக்குது. அந்த டப்பாவக் கழுவிக் கவுத்து வச்சிருக்கா.

அங்க யாரு? தோப்புக் கேட்டுக்கிட்ட, ரோட்டுப் பக்கம். நீலச் சேலை. அவதானே? கையில என்ன, அவ பையி. வெடியாலகூட ஒண்ணுஞ் சொல்லலியே. கடைத் தெருவுக்குப் போறதுன்னா இவ்வளவு பெரிய பையி எதுக்கு?

ரெஜினா. ஏ ரெஜினா.

பஸ் வருது பாருங்க, பொள்ளாச்சி பஸ்ஸு. கையக் காட்டறா. அங்க வரைக்கும் கேட்டிருக்கும், நான் கூப்பிட்டது கேக்காம இருக்காது. திரும்பிப் பாக்க மாட்டேங்கறா.

ஏறீட்டா.

நீங்க இத்தனை நேரம் இங்கயேதான் உக்காந்திருந்தீங்க. நான் அவளை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினேனா? சொல்லுங்க அம்மிணி. நான் அவளை என்ன சொல்லீட்டேன்?